சுவரில் ஒட்டாதீர்கள், கயிற்றில் மாட்டுங்கள்

கேள்வி: காசிமேட்டுப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். வருஷா வருஷம் ஜூன் மாதம் சார்ட் ஒட்டி, கலர் பேப்பர் தோரணம் கட்டுவேன். மழை வருவதற்குள் பாதி கீழே விழுந்துவிடுகிறது. பென்சில், க்ரேயான், பயிற்சித் தாள் எல்லாம் மூலைக்கு மூலை கிடக்கிறது. கைவேலை அவ்வளவாகத் தெரியாத நான், அதிகச் செலவில்லாமல் பிள்ளைகளை வைத்துக்கொண்டே என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் சுவரை ஒருமுறை விரலால் தேய்த்துப் பாருங்கள். சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ அடித்த சுவராக இருந்தால் விரலில் பொடி வரும். செல்லோடேப் பிடித்துக்கொள்வது அந்தப் பொடியைத்தான். கடற்காற்றில் இருக்கும் ஈரத்தைக் காகிதம் உறிஞ்சி நெளியும், கனக்கும். அப்புறம் பொடியோடு சேர்ந்து உரிந்து விழும். குண்டூசியும் ஸ்டேப்ளர் பின்னும் உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடித்து சார்ட்டில் பழுப்புக் கறையை விடும். இன்னும் நல்ல டேப் வாங்கினாலும் இதே கதைதான். அதனால் ஒட்டுகிற வேலையையே விட்டுவிடுங்கள்.

மைதாப் பசையும் வேண்டாம். சும்மா காய்ச்சினால் கரப்பான் வந்து தின்னும். பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலக்கச் சொல்வார்கள். அது விஷம், பிள்ளைகள் கை படும் இடத்தில் வரவே கூடாது.

இதற்கு மாற்று, கயிறு. தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, பக்கவாட்டுச் சுவரின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ரீப்பர் கட்டையை (மெல்லிய மரச்சட்டம்) செங்குத்தாக வைத்து ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள். துளை போடுகிற இந்த ஒரு வேலைக்குத்தான் வெளியாள் வேண்டும். இரண்டு கட்டைக்கும் நடுவே இரண்டு வரிசை கயிறு இழுத்துக் கட்டுங்கள். இரும்புக் கம்பி துருப்பிடிக்கும். உங்கள் ஏரியாவில் வலைக்குப் பயன்படுத்தும் கயிறு கேட்டாலே கிடைக்கும், பிள்ளைகளின் வீடுகளிலேயே மிச்சம் இருக்கும். நைலான் கயிறு ஈரத்தில் கொஞ்சம் தளரும், அதனால் ஒரு முனையை மட்டும் அவிழ்த்து இழுத்துக் கட்டுகிற மாதிரி சுருக்குப் போட்டு வையுங்கள். துணி காயப்போடும் பிளாஸ்டிக் கிளிப் மாட்டினால் போதும். மேல் கயிற்றில் தாளின் தலையையும் கீழ்க் கயிற்றில் காலையும் கிளிப் செய்தால், ஃபேன் காற்றில் படபடக்காது.

இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துக் கற்கும் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது, பிள்ளைகள் வரைந்ததைத் தொங்கவிட கம்பிப் பந்தல், அவர்களே எழுதக் கீழ்மட்டக் கரும்பலகை, தங்கள் வருகையைத் தாங்களே குறிக்கும் சுயவருகைப் பதிவேடு என்று வகுப்பறையையே பிள்ளைகளுக்காக மாற்றி அமைத்தார்கள். அந்தப் பந்தலில் எனக்கு ஒரே ஒரு குறை: தலைக்கு மேலே இருந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் கண் தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் இருக்கிறது. கீழ்க் கயிறு இரண்டரை அடியிலும் மேல் கயிறு மூன்றரை அடியிலும் இருக்கட்டும். கிளிப்பை அவர்களே கழற்றி, பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டுவார்கள். அந்தச் சுவரை அழகாக வைத்திருக்கும் பொறுப்பை அவர்களிடமே தைரியமாகக் கொடுங்கள்.

எல்லாச் சுவரையும் நிரப்பிவிட வேண்டாம். அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், 24 மழலையர் வகுப்புப் பிள்ளைகளுக்கு அலங்காரம் நிறைந்த அறையிலும் வெறும் சுவர் உள்ள அறையிலும் பாடம் நடத்திப் பார்த்தார்கள். அலங்கார அறையில் சுமார் 39 சதவீத நேரம் கவனம் பாடத்தில் இல்லை. வெறும் சுவர் அறையில் அது 28 சதவீதம். சின்ன ஆய்வுதான், ஆனாலும் கரும்பலகை உள்ள சுவரைக் காலியாக விட எனக்கு அது போதுமான காரணம். அழகு பக்கச் சுவரிலும் பின் சுவரிலும் இருக்கட்டும். ஸ்விட்ச் போர்டு பக்கத்திலும் வாசல் நிலைக்கு மேலும் காகிதமோ தெர்மாகோலோ தொங்கவே கூடாது.

சரி, இப்போது மூலையில் கிடக்கும் சாமான்கள். உங்களுக்கு நான் முதலில் சொல்வது ஃப்ளெக்ஸ் பானர் பைதான், ஏனென்றால் ஈரம் அதை ஒன்றும் செய்யாது. கடை விளம்பரம், பிறந்தநாள், காதுகுத்து என்று தெருவுக்கு ஒரு பழைய பானர் இருக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, படம் உள்ளே போகிற மாதிரி வெள்ளைப் பக்கத்தை வெளியே வையுங்கள். ஆறடிக்கு நாலடித் துண்டின் மேல் வரிசை வரிசையாகப் பட்டைகளை வைத்துத் தைத்தால் பிள்ளைக்கு ஒரு பை. பயிற்சித் தாள் எல்லாம் அதில் போய்விடும். தையல்காரரிடம் தையலை நீளமாகப் போடச் சொல்லுங்கள். நெருக்கமாகப் போட்டால் ஊசி போன வழியிலேயே கிழியும். ஓரத்தில் வளையம் அடிக்க ஃப்ளெக்ஸ் கடையிலேயே கருவி இருக்கும். பிள்ளைகள் வாயில் வைத்துக் கடிக்க விடாதீர்கள், வீணானால் எரிக்கவும் கூடாது.

சுயவருகைப் பலகைக்குக் கல்யாணப் பத்திரிகை போதும். உறையைப் பாதியாக வெட்டினால் பாக்கெட், தடித்த அட்டையை வெட்டினால் பெயர்ச் சீட்டு. பிள்ளைகளையே பெயர் எழுதி ஒரு படம் வரையச் சொல்லுங்கள். காலையில் வந்ததும் தன் சீட்டை ‘வீடு’ பக்கத்திலிருந்து எடுத்து ‘பள்ளி’ பக்கத்தில் போடுவார்கள். பக்கத்துச் சீட்டுகளையும் படிப்பார்கள், வாசிப்பும் வரும். வீடுகளில் பத்திரிகை கிடைக்காவிட்டால், பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் பத்திரிகைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பழைய மாடல் கேட்டுப் பாருங்கள்.

புத்தகத்துக்கு மளிகைக்கடை அட்டைப்பெட்டி. அட்டையை வெட்டும் விளிம்பில் நெளிநெளியாகக் குழல்கள் தெரியும். அவை மேலிருந்து கீழாக நிற்கும்படி பெட்டியை வைத்தால்தான் பாரம் தாங்கும். படுக்கையாகப் போனால் ஒரு மாதத்தில் தொய்ந்துவிடும். முட்டைப்பெட்டி, பழப்பெட்டி வேண்டாம், கரப்பான் கூடவே வரும். எடுத்த பெட்டியையும் ஒரு நாள் நல்ல வெயிலில் போட்டுவிட்டு, தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள்.

பென்சிலுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடிப்பாகம். வெட்டிய விளிம்பு கையைக் கீறும். அயர்ன் பாக்ஸைச் சூடாக்கி, விளிம்பைக் கவிழ்த்து நொடி நேரம் தொட்டு எடுத்தால் உள்பக்கமாகச் சுருண்டு மழமழவென்றாகிவிடும். வெட்டுவதும் சூடு வைப்பதும் உங்கள் வேலை, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். பழைய பெயிண்ட் டப்பாவை எவ்வளவு கழுவினாலும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

தோரணம் இல்லாமல் வகுப்பு வெறிச்சென்று இருக்கும் என்று நினைப்பீர்கள். துணியில் கட்டுங்கள். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் தையல் கடைகளில் வெட்டுத்துணி மூட்டையாக இருக்கும். முக்கோணமாக வெட்டி, மேல் விளிம்பைக் கயிற்றின் மேல் மடித்துத் தையல் போட்டால் முடிந்தது. கலர் பேப்பர் மாதிரி ஈரத்தில் சாயம் இறங்கிச் சுவரைக் கறையாக்காது. முழுப் பரீட்சை முடிந்ததும் துவைத்து மடித்து வைத்துக்கொள்ளலாம்.

துளை போடும் வேலையைக் காலாண்டு விடுமுறையிலேயே முடித்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் பாதிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வரும். ஈரச் சுவரில் ஸ்க்ரூ சரியாகப் பிடிக்காது. ஃப்ளெக்ஸ் பையும் அதற்குள் தயாராகட்டும். பத்திரிகை, பாட்டில், தோரணம் எல்லாம் பள்ளி திறந்த பிறகு வெள்ளிக்கிழமை மதியங்களில் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்யலாம்.