ஏரிக்குக் காவல் போட நீச்சல் குளத்தை மூடுவதா?

கேள்வி: எங்கள் நகர்மன்றத்தில் இரண்டு யோசனைகள் விவாதத்தில் இருக்கின்றன. குடிநீர் ஏரியையும் அதைச் சுற்றியுள்ள காட்டையும் படகு, நீச்சல், நடைப்பயணத்துக்குத் திறந்துவிடலாம் என்பது ஒன்று. ஏரியை மூடியே வைத்து, பூங்காவுக்கும் நீச்சல் குளத்துக்கும் போகும் பணத்தைக் குறைத்து நீர்ப்பிடிப்புப் பகுதியின் காவலுக்குக் கொடுக்கலாம் என்பது இன்னொன்று. தண்ணீரை எப்படியும் சுத்திகரித்துத்தானே குழாயில் விடுகிறார்கள்? மக்கள் பணத்தில் வாங்கிய நிலத்தை மக்களிடமிருந்தே பூட்டி வைப்பது என்ன நியாயம்?

பதில்: இரண்டு யோசனையுமே தப்பு. முதலாவதை ஏற்றால் ஏரி கெடும். இரண்டாவதை ஏற்றால் ஊர்ப் பிள்ளைகள் விளையாட இடமில்லாமல் நிற்பார்கள், கடைசியில் ஏரியும் கெடும்.

‘எப்படியும் சுத்திகரிக்கிறார்களே’ என்கிறீர்கள். அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்திலும் சுத்திகரித்துத்தான் கொடுத்தார்கள். வடிகட்டி, குளோரின் கலந்து, எல்லாம் முறைப்படி. 1993-இல் மிச்சிகன் ஏரியிலிருந்து எடுத்த தண்ணீர் வழக்கத்தைவிடக் கலங்கலாக வந்தபோது ஒரு நிலையத்தால் சமாளிக்க முடியவில்லை. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குழாய் வழியே வீடுகளுக்குள் போய்விட்டது. 4 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வயிற்றுப்போக்கில் படுத்தார்கள். ஏற்கெனவே நோயெதிர்ப்புச் சக்தி குறைந்திருந்தவர்கள் பலர் இறந்தே போனார்கள். அங்கே குளித்தவர்களால்தான் இது நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. இயந்திரம் ஒரு நாள் தவறும், தவறுகிற அன்றைக்கு உள்ளே வருகிற தண்ணீர் சுத்தமாக இருந்தால்தான் ஊர் பிழைக்கும்.

அந்த ஒட்டுண்ணியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீச்சலுக்கு ஏன் அனுமதி கூடாது என்பது அதில்தான் இருக்கிறது. அதன் முட்டை போன்ற கூடு 4 முதல் 6 மைக்ரான் அளவுதான் (ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர்). ஓடு கெட்டியானது. நீச்சல் குளத்தில் போடும் அளவு குளோரினில்கூட ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். புற ஊதா ஒளியில் அடங்கும், ஆனால் அந்த வசதி எல்லா நிலையங்களிலும் இல்லை. குளிக்க இறங்கும் ஒருவர் எவ்வளவு சுத்தமானவராக இருந்தாலும், அவர் உடலிலிருந்து சராசரியாக 0.14 கிராம் மலத்துணுக்கு தண்ணீரில் கரைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. ஆரோக்கியமானவர் என்றால் பரவாயில்லை. வயிற்றுப்போக்கு வந்து சரியாகிக்கொண்டிருக்கும் ஒரு குழந்தை இறங்கினால்? ஒரே தடவையில் கோடிக்கணக்கான கிருமிகள் வெளியேறும். ஒருவருக்கு நோய் வர சுமார் பத்துக் கிருமிகள் உள்ளே போனாலே போதும். கரையில் அறிவிப்புப் பலகை வைத்து இதைத் தடுக்க முடியாது. தன் பிள்ளையிடம் இன்னும் கிருமி இருப்பது அந்தத் தாய்க்கே அப்போது தெரிந்திருக்காது.

விசைப்படகு விஷயத்தில் தயக்கமே வேண்டாம். பழைய டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் தான் குடிக்கும் பெட்ரோலில் கிட்டத்தட்ட கால் பங்கை எரிக்காமலேயே தண்ணீரில் விட்டுவிடும். குடிநீர் ஏரிக்கு அது ஆகவே ஆகாது.

சரி, நிலம் மக்கள் பணத்தில் வாங்கியதுதான். எதற்காக வாங்கியது? தண்ணீருக்காக. நீங்கள் அங்கே கால் வைக்காவிட்டாலும் குழாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் காட்டைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறீர்கள். மழை மண்ணில் இறங்கி, இலைச்சருகுக்கும் வேருக்கும் நடுவே கசிந்து, வண்டலைக் கீழே விட்டுவிட்டு மெதுவாக ஏரிக்கு வருகிறது. அந்த வேலையைச் செய்ய ஒரு ஆலை கட்டினால் என்ன செலவாகும் என்று நியூயார்க் நகரம் கணக்குப் போட்டுப் பார்த்தது. 600 கோடி டாலருக்குக் குறையாது என்று தெரிந்தது, வருடா வருடம் ஓட்டும் செலவு தனி. அதற்குப் பதிலாக 1997-இல், தண்ணீர் வரும் மலைப்பகுதி ஊர்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். விற்க விரும்பியவர்களிடம் நிலம் வாங்கினார்கள், வீடுகளின் பழுதான கழிவுத்தொட்டிகளைச் சீர் செய்ய உதவினார்கள், மாட்டுச் சாணம் ஓடையில் கலக்காமலிருக்க விவசாயிகளுக்குப் பணம் கொடுத்தார்கள். இன்றைக்கும் அந்த நகரத்தின் தண்ணீரில் பெரும்பகுதி வடிகட்டாமலேயே, கிருமிநீக்கம் மட்டும் செய்யப்பட்டு வருகிறது. குடிப்பவர்கள் ஏறக்குறைய 90 லட்சம் பேர்.

அதே நியூயார்க் தன் நீர்ப்பிடிப்பு நிலங்களில் பெரிய பகுதியை நடப்பதற்கும் மீன் பிடிப்பதற்கும் திறந்தும் வைத்திருக்கிறது. பல இடங்களில் அனுமதிச் சீட்டு வேண்டும். மீன்பிடிக்கும் துடுப்புப் படகை நீராவியால் கழுவிய பிறகுதான் தண்ணீரில் இறக்க விடுவார்கள், வேறு ஏரியிலிருந்து சிப்பிக் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்பதால். அவை கண்ணுக்குத் தெரியாத அளவில் வந்து, பெருகி, தண்ணீர் எடுக்கும் குழாய்களையே அடைத்துவிடும். குளிக்க மட்டும் யாருக்கும் அனுமதி கிடையாது. பாஸ்டனுக்குத் தண்ணீர் தரும் குவாபின் நீர்த்தேக்கத்திலும் ஏறக்குறைய இதே கதைதான்: நடக்கலாம், குறிப்பிட்ட பகுதியில் மீன் பிடிக்கலாம், தண்ணீரில் கால் நனைக்கக் கூடாது, நாயைக் கூட்டிவரக் கூடாது. சியாட்டில் இன்னும் கண்டிப்பு. சீடர் ஆற்றின் காட்டுக்குள் பொதுமக்கள் தாங்களாகப் போக முடியாது. ஆனால் அந்த எல்லைக்கு வெளியிலேயே ராட்டில்ஸ்நேக் என்று ஓர் ஏரி இருக்கிறது. மக்கள் அங்கே கூடுகிறார்கள், பக்கத்திலேயே நீர்ப்பிடிப்புப் பகுதியைப் பற்றிச் சொல்லித்தரும் மையமும் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும். வேலி ஏன் இருக்கிறது என்று தெரிந்தவன் வேலியை மதிப்பான்.

ஆகவே உங்கள் ஏரியிலும் கரையிலிருந்து விலகிய மேட்டுநிலத்தில் நடைபாதை போடலாம். நடப்பவரால் வரும் கேடு குறைவு. அவர் வரும் வண்டியை நிறுத்தும் இடத்தால் வருவதே அதிகம். தார் போட்ட திடலில் விழும் மழை மண்ணில் இறங்காது. எண்ணெயையும் டயர்த் தூளையும் வாரிக்கொண்டு நேராக ஓடைக்குப் போகும். நடைபாதைக்குப் பின்னால் உணவகம், அதன் பின்னால் விடுதி, அதற்குச் சாலை என்று ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தால் காடு போய்விடும்.

இப்போது இரண்டாவது யோசனைக்கு வருகிறேன். எனக்கு அதிகக் கோபம் வருவது இதில்தான்.

ஊருக்குள் இருக்கும் நீச்சல் குளத்தை மூடினால் கோடையில் பிள்ளைகள் எங்கே போவார்கள்? வேலியில் ஓட்டை தேடி ஏரிக்குத்தான் போவார்கள். நீர்த்தேக்கத்தின் மேல்தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், சில அடி கீழே உடம்பு விறைத்துப்போகும் குளிர். கரை சரிந்து சட்டென்று ஆழமாகிவிடும். தண்ணீர் எடுக்கும் வாய்ப் பக்கம் இழுப்பு இருக்கும். கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர உயிர்காப்பாளர் இல்லை. நீந்தக் கற்றுக்கொடுத்த குளத்தையும் மூடிவிட்டு, நீந்தத் தெரியாத பிள்ளைகளை அந்தத் தண்ணீரை நோக்கித் தள்ளுகிறது உங்கள் மன்றம். அதற்கப்புறம் எத்தனை காவலர்களைப் போட்டாலும் பத்தாது. மைல் கணக்கில் நீளும் கரையில் எங்கே என்று நிற்பார்கள்? ஊருக்குள் நல்ல திடலும் குளமும் இருப்பது ஏரிக்கான முதல் காவல். அதைப் பிடுங்கி இரண்டாவது காவலுக்குக் கொடுக்கிறேன் என்பது கணக்கே தெரியாத பேச்சு.

இன்னொன்றையும் பாருங்கள். ஏரிக்கரைப் பொழுதுபோக்கு, வண்டி வைத்திருப்பவர்களுக்கும் விடுமுறை கிடைப்பவர்களுக்கும் எட்டும். தெருமுனைத் திடல் நடந்துபோகும் சிறுமிக்கு எட்டும். ‘பூங்காதானே, குறைத்தால் என்ன’ என்று சொல்லும் கவுன்சிலர் யாருடைய பங்கில் கைவைக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் காவலுக்குப் பணம்? குடிநீர்க் கட்டணத்திலிருந்து எடுக்கட்டும். ஏரி சுத்தமாக இருந்தால் ரசாயனச் செலவு குறையும், புதிய ஆலை கட்டும் செலவு தள்ளிப்போகும். லாபம் தண்ணீர்க் கணக்கில் வரும்போது செலவும் அதே கணக்கில்தான் இருக்க வேண்டும். நியூயார்க்கிலும் மலைப்பகுதிப் பாதுகாப்புக்குப் பணம் தருவது தண்ணீர்க் கட்டணம்தான். பூங்காவும் குளமும் பொது நிதியில் இருக்கட்டும். இரண்டையும் ஒரே பானையில் போட்டுவிட்டு, ‘எது வேண்டும், சொல்லுங்கள்’ என்று மக்களைக் கேட்பதே முதல் தவறு.

அடுத்த மன்றக் கூட்டத்துக்குப் போங்கள். நடைபாதை கரையிலிருந்து எவ்வளவு தூரம், வண்டி நிறுத்துமிடத்து மழைநீர் எந்த ஓடைக்குப் போகும், கழிப்பறையை யார் சுத்தம் செய்வார்கள், காவலர் சம்பளம் எந்தக் கணக்கில் என்று கேளுங்கள். பதிலை வாயால் சொன்னால் விடாதீர்கள், தீர்மானத்திலேயே எழுதச் சொல்லுங்கள். நீச்சல் குளத்தை இந்தக் கோடையில் எந்தத் தேதியில் திறப்பார்கள் என்பதையும் அதே தீர்மானத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.