தூரிகையும் துணியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வான்கா, செசான் ஆகிய ஓவியர்களின் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டு பைக்காரா ஆற்றை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தேன். எல்லாம் ஒரே சேற்றுப் பச்சையாகிவிட்டது. மூன்று வாரமாகியும் காயவும் இல்லை. எங்கே தப்பு?
– வாசகி, கோத்தகிரி

பதில்: முதலில் அந்தப் பச்சை ட்யூபைப் பரண்மேல் தூக்கிப் போடுங்கள். மலையில் இருக்கும் நமக்கு அதுதான் எதிரி. திரும்பின பக்கமெல்லாம் பச்சை தெரிகிறதே என்று ட்யூபிலிருந்து நேராக எடுத்து அப்பிவிடுகிறோம். ஊட்டிக்கு வந்த புதிதில் நான் வரைந்த பைக்காராவும் கீரை மசியல் மாதிரிதான் இருந்தது.

அல்ட்ராமரீன் நீலத்தில் யெல்லோ ஆக்கர் என்ற மங்கின மஞ்சளைச் சேர்த்தால் சோலையின் மங்கின பச்சை வரும். அதே நீலத்தில் லெமன் யெல்லோவைக் கூட்டினால் புல்மேடு. கத்தியால் இரண்டு மூன்று புரட்டு, அவ்வளவுதான். சட்னி போல நைஸாக அரைத்தால் வண்ணம் செத்துவிடும். தூரிகையில் எடுக்கும்போது நீலமும் மஞ்சளும் இழையிழையாகத் தெரியவேண்டும்.

இன்னொன்று, வெள்ளைக் கான்வாஸ் துணியில் ஆரம்பிக்காதீர்கள். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பை, எண்ணெய் வண்ணத்தை இளக்கும் டர்பன்டைனில் தண்ணியாகக் கரைத்து முழுக்கப் பூசிக் காயவிடுங்கள். அதன்மேல் பச்சையை வைக்கும்போது அங்கங்கே இடைவெளி விடுங்கள். அடியில் இருக்கும் செம்பழுப்பு எட்டிப் பார்த்தால் பக்கத்துப் பச்சை தானாக எடுப்பாகத் தெரியும். சோலை மரங்களின் துளிர் செம்பு நிறத்தில் இருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதற்கும் இதுவே உதவும்.

நீங்கள் ஆசைப்பட்ட வான்கா, செசான் வகை ஓவியத்துக்குப் போஸ்ட் இம்ப்ரெஷனிசம் என்று பெயர். ஆனால் அது ஒரே பாணி இல்லை. 1910-ல் லண்டனில் இவர்கள் படங்களைக் கண்காட்சி வைத்த ஆங்கிலேயக் கலை விமர்சகர் ராஜர் ஃப்ரை சூட்டிய பெயர் அது. வான்கா இறந்து 20 வருடம் ஆகியிருந்தது, பாவம். அதே கூட்டத்து ஓவியர் செரா புள்ளி புள்ளியாக வைப்பார், செசான் சாய்ந்த பட்டைகளாகக் கட்டுவார், வான்கா கோடுகளை ஓடவிடுவார். யாராவது ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூவரையும் ஒரே துணியில் கூப்பிட்டால் சண்டைதான்.

ஆற்றுக்கு நான் வான்கா பக்கம். 1888 செப்டம்பரில் பிரான்சின் ஆர்ல் ஊரில் ரோன் ஆற்றை இரவில் வரைந்தார். கரையோர விளக்குகளின் பிம்பம் தண்ணீரில் செம்பொன்னாகத் தொடங்கி, கீழே இறங்க இறங்கப் பச்சை வெண்கலமாக மாறும். தண்ணீருக்கென்று தனி நிறம் தேடாதீர்கள். மேலே இருப்பதன் நிறத்தைச் செங்குத்தாகக் கீழே இழுத்து, பிறகு காய்ந்த தூரிகையால் குறுக்கே நாலு கோடு போடுங்கள். வெளிச்சமான வானம் தண்ணீரில் கொஞ்சம் இருண்டும், இருண்ட சோலை கொஞ்சம் வெளுத்தும் விழும். இதைக் கவனித்தாலே பாதி ஆறு வந்துவிடும்.

காயாததற்கு நீங்கள் பொறுப்பில்லை. வண்ணத்தில் கலந்திருக்கும் ஆளி விதை எண்ணெய் தண்ணீர் போல ஆவியாகாது, காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துத்தான் இறுகும். நம் குளிரில் அது மெதுவாகத்தான் நடக்கும். தடிப்பாக அப்பிய இடம் மாதக்கணக்கில் ஈரமாக இருக்கும். நான் ஒரு ஈரப் படத்தைக் கூடலூரிலிருந்து வந்த பஸ்ஸில் ஏற்றி, முன் சீட்டுப் பாட்டியின் கம்பளிச் சால்வையில் பாதி ஆற்றைப் பதித்துவிட்டேன். ஊட்டி வரும்வரை திட்டு. அடி அடுக்கில் எண்ணெய் குறைவாக, மேல் அடுக்கில் கூடுதலாக இருக்கட்டும்; மாறினால் பிற்பாடு வண்ணத்தில் விரிசல் விழும். குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு டர்பன்டைனைத் திறக்காதீர்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

கேள்வி: செல்போன் படத்தைப் பார்த்து வரையலாமா?
– வாசகர், குன்னூர்

பதில்: மரம் எங்கே, கரை எங்கே என்பதற்குச் சரி. நிழலையெல்லாம் அது கறுப்பாக்கிவிடும். ஒருமுறையாவது நேரில் போய்ப் பென்சிலால் கிறுக்கி, நிறத்தை வார்த்தையில் எழுதிக்கொள்ளுங்கள். மழைக்கு மறுநாள் என் நோட்டில் எழுதியது: "பாலத்தடியில் தண்ணீர் – கருப்பட்டிக் காப்பி. நுரை வெள்ளை இல்லை, இளம் ஊதா."