மூன்று நாள் மாநாட்டுக்கு ஒரே ஒரு கேள்வியோடு போங்கள்

கேள்வி: நான் ஈரோட்டுக்காரி. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் இரண்டாம் ஆண்டு இளங்கலை படிக்கிறேன். தெற்காசிய மாணவிகளின் சொராரிட்டி (கல்லூரி மாணவிகள் சங்கம்) ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். பல சிறிய சங்கங்கள் சேர்ந்த கவுன்சிலுக்கு என்னைப் பொருளாளராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பிப்ரவரியில் இண்டியானாபோலிஸில் மூன்று நாள் நடக்கும் ஃப்ரெட்டர்னிட்டி (ஆண் மாணவர் சங்கம்), சொராரிட்டி தலைமைத்துவ மாநாட்டுக்கு எங்களில் மூவரை அனுப்புகிறார்கள். இரண்டு நாள் வகுப்பு போகும். விசாவுக்குச் சிக்கல் வருமா? அங்கே போய் என்னதான் செய்வது? "படிக்கப் போன இடத்தில் சங்கம், மாநாடெல்லாம் எதற்கு" என்கிறார் அம்மா.

பதில்: முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் இரண்டு நாள் வகுப்பை விட்டு மாநாட்டுக்குப் போவதில் தவறே இல்லை. வகுப்புக்கு வராததை ஆசிரியர்களுக்கு இரண்டு வாரம் முன்பே மின்னஞ்சலில் சொல்லுங்கள், மாணவர் நல அலுவலகத்தின் கடிதத்தையும் இணையுங்கள். அந்த நாட்களில் தேர்வோ ஆய்வகமோ இருந்தால் தயங்காமல் மாநாட்டை விட்டுவிடுங்கள். பாஸ்போர்ட்டும், மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தந்த ஐ-20 படிவமும் பையில் இருக்கட்டும். பேச்சாளராகவோ உதவியாளராகவோ உங்களுக்குப் பணம் தர யாராவது முன்வந்தால், கை நீட்டுவதற்கு முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேளுங்கள்.

அடுத்தது பணம். பதிவுக் கட்டணம், ஓட்டல், சாப்பாடு, பயணம் ஆகிய நான்கில் எதைக் கவுன்சில் கட்டும், எதை நீங்கள் கட்டிப் பிறகு வாங்க வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பொருளாளரே கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது? கடையில் அட்டை தேய்த்ததும் தரும் சீட்டு வேறு, என்னென்ன வாங்கினீர்கள் என்று வரிவரியாகக் காட்டும் ரசீது வேறு. கணக்குப் பிரிவு கேட்பது பின்னதை. ஒருமுறை பதினான்கு பேருக்கு நான் வாங்கிக் கொடுத்த பீட்சாவுக்கு வெறும் சீட்டைத்தான் வைத்திருந்தேன். அந்தப் பணம் போனது போனதுதான்.

மாணவர் நல அலுவலகத்தில் வேலை பார்த்த ஆண்டுகளில், இப்படிப்பட்ட மாநாடுகளுக்கு வேன் நிறைய மாணவர்களை அழைத்துப் போயிருக்கிறேன். போகும் வழியில் எல்லோருக்கும் உற்சாகம். திரும்பும் வழியில் "வாழ்க்கையே மாறிவிட்டது" என்பார்கள். மார்ச் மாதம் பார்த்தால் ஒன்றும் மாறியிருக்காது. மேடைப் பேச்சாளர்கள் நன்றாகத்தான் பேசுவார்கள். இரண்டாயிரம் பேர் ஒன்றாகக் கைதட்டும்போது யாருக்கும் சிலிர்க்கத்தான் செய்யும். அந்தச் சிலிர்ப்பு ஊர் வந்து சேராது.

வந்து சேர்ந்தது எது என்று ஒரு சம்பவம் சொல்கிறேன். உங்களைப் போலவே சிறிய கவுன்சிலின் பொருளாளராக இருந்த மாணவி ஒருத்தி ஒரே ஒரு கேள்வியோடு வந்திருந்தாள்: "நான்கு உறுப்பினர் இருக்கும் கிளையும் முப்பது பேர் இருக்கும் கிளையும் ஒரே சந்தா கட்டுவது நியாயமா?" அமர்வுகளில் பதில் கிடைக்கவில்லை. இரண்டாம் நாள் மதியம் சாப்பாட்டு வரிசையில், முன்னால் நின்ற வேறு கல்லூரிப் பையனிடம் அதையே கேட்டாள். தலைக்கு இவ்வளவு, எவ்வளவு சிறிய கிளையானாலும் குறைந்தபட்சம் இவ்வளவு என்று தங்கள் கவுன்சில் விதியை மாற்றிய கதையை அவன் சொன்னான். எழுதத் தாள் இல்லை. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பி, தட்டை இடுக்கிக்கொண்டு அதன் பின்புறத்திலேயே எழுதிக்கொண்டாள். ஏப்ரலில் அவள் கவுன்சிலும் விதியைத் திருத்தியது. அந்த மாநாட்டுக்குச் செலவழித்த தொகை அந்த வரிசையிலேயே எனக்கு வசூலாகிவிட்டது.

ஆகவே கிளம்புவதற்கு முன் மூவரும் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு கேள்வி எழுதுங்கள். அது உங்கள் கல்லூரியின் கேள்வியாக இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் பல அமர்வுகள் நடக்கும், மூவரும் ஒரே அறையில் போய் உட்காராதீர்கள். பேச்சாளர் எந்தக் கல்லூரியிலிருந்து வருகிறார் என்றும் பாருங்கள். அலபாமா பல்கலைக்கழகத்தில் மட்டும் இந்தச் சங்கங்களில் பத்தாயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். அங்கே பலித்த யோசனை அறுபது பேர் கொண்ட உங்கள் கவுன்சிலுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. நிகழ்ச்சி நிரலில் உங்களைப் போன்ற கவுன்சில்களுக்கான வட்டமேசைக் கலந்துரையாடல் இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள்.

வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மரபினர் அல்லர். தெற்காசியச் சங்கங்கள் பெரும்பாலும் 1990-களில் பிறந்த குழந்தைகள். கறுப்பினத்தவரின் ஒன்பது சங்கங்கள் சேர்ந்த கூட்டமைப்பு 1930-இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. நம்மவர்களுக்கு அதில் ஒரு சங்கத்தின் பெயர் பழக்கம்: சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், ஹோவர்டில் படிக்கும்போது சேர்ந்த ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா. 1908-இல் தொடங்கிய சங்கம் அது. அவர்களின் "ஸ்கீ-வீ" என்ற கூவலோ, கைச் சைகையோ, வரிசை நடனமோ கேளிக்கைப் பொருள் அல்ல. மாலையில் அவர்கள் ஆடும்போது ரசியுங்கள், கைதட்டுங்கள். உற்சாகத்தில் அந்தச் சைகையை நீங்களும் காட்டிவிடாதீர்கள். விவரம் தெரியாமல் காட்டிய மாணவர்களுக்காக நான் மன்னிப்புக் கேட்க நேர்ந்திருக்கிறது. சங்கத்தின் பெயரைக் குறிக்கும் கிரேக்க எழுத்துகள் பொறித்த உடையோடு மது அருந்துவது எந்தச் சங்கத்திலும் மரியாதைக்குறைவு. 21 வயது ஆகாத உங்களுக்கு அது சட்டப்படியும் குற்றம்.

ஹேசிங் பற்றிய அமர்வு ஒன்றுக்காவது உங்கள் மூவரில் ஒருவர் போக வேண்டும். பெயர்தான் வேறு, நம் ஊர் ராகிங்தான் அது. மருத்துவ மாணவர் நாவரசுவின் கொலைக்குப் பிறகு 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இங்கே அமெரிக்காவில் மத்திய அரசின் ஹேசிங் தடுப்புச் சட்டம் 2024 டிசம்பரில்தான் கையெழுத்தானது. கல்லூரிகள் ஹேசிங் புகார்களின் எண்ணிக்கையை ஆண்டறிக்கையில் சேர்க்க வேண்டும், விதி மீறிய சங்கங்களின் விவரத்தைப் பொதுவில் வெளியிட வேண்டும் என்கிறது அது. அந்தச் சட்டத்தின் வரையறையில் ஒரு வரி முக்கியம்: பாதிக்கப்பட்டவர் விரும்பியே கலந்துகொண்டார் என்பது சாக்கு ஆகாது. "அவளாகத்தான் வந்தாள்" என்று சொல்லித் தப்பிக்கும் கிளைகளை நான் பார்த்திருக்கிறேன், தெற்காசியக் கிளைகள் உட்பட. உங்கள் சங்கத்தின் புது உறுப்பினர் பயிற்சியை இந்தக் கண்ணோடு பாருங்கள். அம்மாவின் கவலையில் பாதிக்கு நீங்கள் சொல்லக்கூடிய பதிலும் இதில்தான் இருக்கிறது.

இண்டியானாபோலிஸின் பிப்ரவரி குளிர் ஓஹையோவைப் போலத்தான். மாநாட்டு மையத்தையும் சுற்றியுள்ள பல ஓட்டல்களையும் கண்ணாடி நடைபாலங்கள் இணைக்கின்றன. அறை அந்த ஓட்டல்களில் ஒன்றில் என்றால் கோட்டு தேவைப்படும் நேரம் குறைவு. அறைச் சாவி தரும்போது முன்பணத்துக்காகக் கடன் அட்டை கேட்பார்கள், அது யாருடைய அட்டை என்பதை முன்பே பேசி வையுங்கள். இதே நகரிலும் சுற்றுப்புறத்திலும் பல சங்கங்களின் தேசியத் தலைமையகங்கள் இருக்கின்றன. மாநாட்டில் அவற்றின் ஊழியர்களைப் பார்த்தால் கூச்சப்படாமல் உங்கள் கேள்வியைக் கேளுங்கள்.

திரும்பிய பத்து நாளுக்குள் கவுன்சில் கூட்டத்தில் ஒரே ஒரு தீர்மானத்தை முன்வையுங்கள். பதினாறு யோசனைகளைப் பட்டியலிட்டால் பதினாறுக்கும் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். கேட்டது என்ன, கிடைத்தது என்ன, யாரிடம் கிடைத்தது, செலவு எவ்வளவு என்று ஒரு பக்கம் எழுதிக் கணக்குக் கோப்பிலேயே சேர்த்துவிடுங்கள். அடுத்த பொருளாளர் முதலில் திறப்பது அதைத்தான்.