ஏழு லட்சம் இன்டீரியரும் மாமியாரின் தேக்குக் கட்டிலும்

கேள்வி: கோவை சரவணம்பட்டி பக்கம் 2 பெட்ரூம் ஃபிளாட் வாங்கி எட்டு மாதமாகிறது. கணவருக்குக் கையில் வரும் சம்பளம் 82,000. வீட்டுக்கடன் தவணை 30,400. தை மாதம் மகளுக்குக் காதுகுத்து. நாத்தனார் வீட்டில் எல்லாம் இன்டீரியர் செய்து ஜொலிக்கிறது, நம் வீடு மொட்டையாக இருக்கிறது என்று சொந்தக்காரர்கள் வாய்விட்டே சொல்கிறார்கள். ஒரு நிறுவனம் 7 லட்சத்துக்கு கொட்டேஷன் கொடுத்து 40,000 அட்வான்ஸ் வாங்கிவிட்டது. கையில் ஒரு லட்சம் இருக்கிறது. 6 லட்சம் பெர்சனல் லோன் எடுக்கலாமா, வீட்டுக்கடனிலேயே டாப்-அப் வாங்கலாமா? எது லாபம்?

பதில்: இரண்டும் வேண்டாம். கொட்டேஷனோடு வங்கிக் கணக்கு விவரத்தையும் அனுப்பியது நல்லதாகப் போயிற்று. கேள்வியில் நீங்கள் எழுதாத மூன்று வரிகள் அதில் இருக்கின்றன: சோபாவுக்கு 5,670, டி.வி.க்கு 3,900, மெத்தைக்கு 2,450. கூட்டினால் மாதம் 12,000. இதில் 14% வட்டியில் ஐந்து வருட பெர்சனல் லோன் சேர்ந்தால் இன்னொரு 14,000. வீட்டுக்கடனையும் சேர்த்துக் கழித்தால் 82,000-ல் 25,600 மிஞ்சும். பிள்ளைகள் இருவரின் பள்ளிக் கட்டணம் மாதக் கணக்கில் 9,000, ஃபிளாட் மெயின்டனன்ஸ் 2,800. மீதி பதிமூன்று சொச்சத்தில் அரிசி, பால், பெட்ரோல், கரன்ட் பில், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டர் ஃபீஸ். முதல் மூன்று மாதத்திலேயே கிரெடிட் கார்டைத் தேய்ப்பீர்கள்.

டாப்-அப் லோன் இன்னும் மோசம், ஆனால் பார்க்க அழகாக இருக்கும். 9% வட்டி, 18 வருடம், 6 லட்சத்துக்கு மாதம் சுமார் 5,620 தான். 216 மாதத்தால் பெருக்கிப் பாருங்கள், 12 லட்சத்தைத் தாண்டும். அந்த டி.வி. யூனிட் பத்து வருடம் தாங்கினாலே பெரிய விஷயம். உடைத்துப் போட்ட பிறகும் எட்டு வருடம் அதற்குத் தவணை கட்டுவீர்கள்.

உங்கள் வீட்டில் எந்தப் பொருளையும் "மாசம் எவ்வளவு வரும்?" என்று கேட்டு வாங்குகிறீர்கள். சிக்கல் அங்கேதான். சோபாவை எடுத்துக்கொள்வோம். "நோ காஸ்ட் இ.எம்.ஐ., வட்டியே கிடையாது" என்றார்களாம். வட்டி இருக்கிறது. வங்கி உங்களிடம் வட்டி வாங்கும், அந்தத் தொகையை மட்டும் விலையில் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுவார்கள். 68,000 சோபாவுக்கு வருட வட்டி ஐயாயிரத்து ஐந்நூறு அளவில் வரும். அதற்கு 18% ஜி.எஸ்.டி. உங்கள் தலையில், அது ஆயிரம் ரூபாய். ப்ராசசிங் கட்டணம் தனி. சரி, ஆயிரத்துச் சொச்சம் போனால் போகட்டும். மாதம் 5,670 என்று கேட்டதும் பேரம் பேசவே மறந்துவிட்டீர்களே, பெரிய நஷ்டம் அதுதான். ரொக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு கடை ஏறி இறங்கியிருந்தால் அதே சோபாவுக்கு ஐயாயிரமாவது குறைந்திருக்கும்.

இப்போது கொட்டேஷனுக்கு வருவோம். கிச்சன் 2.6 லட்சம், இரண்டு அறைக்கும் வார்ட்ரோப் 2.2 லட்சம், ஃபால்ஸ் சீலிங் 95,000, டி.வி. யூனிட் 65,000, திரைச்சீலை 60,000. சமையலறைக்கு என்ன பலகை என்று அதில் பார்த்தீர்களா? பார்ட்டிக்கிள் போர்டு, அதாவது மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்தது. சிங்க்குக்குக் கீழே தண்ணீர் கசிந்தால் ஊறி உப்பிவிடும். அதே பணத்துக்கு தண்ணீர் தாங்கும், ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிளைவுட் கேட்டிருக்க வேண்டும். அதைவிட முக்கியம், நீங்கள் அனுப்பிய போட்டோவில் பில்டர் கட்டிக்கொடுத்த கடப்பா கல் தட்டுகள் அப்படியே இருக்கின்றன. அவற்றைப் பெயர்த்து எறிந்துவிட்டுப் பெட்டி செய்யப் போகிறார்களாம்! தட்டு இருக்கும் இடத்தில் கதவும் நாலைந்து டிராயரும் போதும். உங்கள் தெருத் தச்சர் அதற்கு 1.2 லட்சம் சொன்னதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவரிடமே கொடுங்கள், பலகையை நீங்கள் வாங்கிக்கொடுத்து, கூலியைத் தனியாகப் பேசி. கையிலுள்ள ஒரு லட்சத்துக்கு மேல் ஆவதை மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கொடுங்கள்.

திரைச்சீலைக்கு 60,000 என்பது எனக்குக் கோபமே வரவழைத்த வரி. ஈரோடு உங்களுக்கு நூறு கிலோமீட்டர்தான். திங்கள் இரவு தொடங்கும் ஜவுளிச் சந்தைக்கு ஒரு தடவை போய் வாருங்கள். கரூர் திரைத்துணியை மீட்டர் கணக்கில் வாங்கி உள்ளூர் டெய்லரிடம் தைத்தால், நீங்கள் சொன்ன ஆறு ஜன்னலுக்கும் 12,000-க்குள் முடித்துவிடலாம். அப்படியே சென்னிமலைப் படுக்கை விரிப்பும் ஒரு பவானி ஜமக்காளமும் வாங்கிக்கொள்ளுங்கள். காதுகுத்துக்கு வருகிறவர்கள் உட்காரப்போவது ஜமக்காளத்தில்தானே, ஃபால்ஸ் சீலிங்கில் இல்லையே. சீலிங்கையும் டி.வி. யூனிட்டையும் கொட்டேஷனிலிருந்து அடித்துவிடுங்கள். டி.வி.யைச் சுவரில் மாட்டுங்கள்.

வார்ட்ரோப்பை இப்போது தொடாதீர்கள். சோபா தவணை முடிய இன்னும் ஐந்து மாதம். அது முடிந்ததும் அந்த 5,670-ஐ வங்கியில் மாதாமாதம் கட்டும் ஆர்.டி. சேமிப்பில் போட்டு, சேரச் சேர ஓர் அறை, பிறகு அடுத்த அறை. அதுவரை இரும்பு பீரோ இருக்கிறது.

அட்வான்ஸ் 40,000 போய்விடுமே என்று பயப்படுகிறீர்கள். வேலை தொடங்கவில்லை என்பதால் எழுத்தில் ரத்து கேளுங்கள். ஒப்பந்தத்தில் எவ்வளவு பிடித்தம் என்று இருக்கும், அதைக் காட்டிப் பேசுங்கள். முழுதும் போனாலும் சரி. பெர்சனல் லோனுக்கு ஐந்து வருடத்தில் நீங்கள் கட்டவிருந்த வட்டி மட்டும் 2.37 லட்சம்.

நாத்தனார் வீட்டுக்காரருக்கு என்ன வருமானம், அவர்களுக்கு எத்தனை தவணை ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அதை வைத்து உங்கள் வீட்டுக்கு அளவு எடுக்க முடியாது.

அப்புறம், கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: மாமியார் சீதனமாகக் கொண்டுவந்த தேக்குக் கட்டிலை எக்ஸ்சேஞ்சில் 3,500-க்குக் கொடுத்துவிட்டு, 42,000-க்கு ஸ்டோரேஜ் கட்டில் எடுக்கப் போகிறோம் என்று. அதுவும் தவணையில்தானே? பழைய தேக்கு இன்றைக்கு என்ன விலை என்று மரக்கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். பிறகு பாலீஷ்காரரைக் கூப்பிட்டுத் தேய்த்துப் பூசச் சொல்லுங்கள், ஐயாயிரம் ஆறாயிரத்தில் முடியும். எக்ஸ்சேஞ்ச் வண்டி சனிக்கிழமை வருகிறதாமே, வெள்ளிக்கிழமையே போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.