ரீவியில் ஆணும் ஆணும் காதலிக்கிற காட்சி வந்தால் அப்பா சனலை மாத்துறார், பத்து வயதுத் தங்கச்சி "ஏன்?" என்கிறாள். என்ன சொல்வது?

"சில ஆக்கள் ஆணும் ஆணுமாக, பெண்ணும் பெண்ணுமாக விரும்புவினம். அப்பாவுக்கு அதைப் பாக்கக் கூச்சம்." பத்து வயதுக்கு இந்த இரண்டு வசனம் போதும். "அது கெட்டது" என்று மட்டும் முடிக்காதேங்கோ, பிறகு அவள் கேள்வியோடு உங்களிட்ட வரமாட்டாள்.

யாழ்ப்பாணத்து வீடுகளில் விறாந்தையில் ஒரு ரீவி, அம்மம்மா உட்பட எல்லாரும் முன்னால். ஆண்–பெண் முத்தத்துக்கும் றிமோட் தேடுகிற வீடுதான். ஆனால் பெண் மாதிரி நடக்கிற ஆணை வைத்துப் பகிடி பண்ணும் காட்சிக்கு அதே வீடு சிரிக்கும். சனல் மாத்துவதைவிட இந்தச் சிரிப்புத்தான் பிள்ளைக்கு ஆழமாகப் பதியும்; தன்னைப் பற்றியே யோசிக்கத் தொடங்கிய பிள்ளை என்றால் வாயே திறக்காது.

அப்பாவோடு காட்சி ஓடும்போது வாதாடாதேங்கோ, எல்லார் முன்னாலும் அவர் இறங்கமாட்டார். தனியாக, தேத்தண்ணி நேரத்தில் கதையுங்கோ. அவர் "அது ஒரு வருத்தம், நோய்" என்றால், உலக சுகாதார நிறுவனம் 1990 இலேயே ஒருபால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. "சட்டவிரோதம்" என்றால், இலங்கையின் 1883 தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் பாலியல் செயலைப் பற்றியவை, படம் பார்ப்பதைப் பற்றியவை அல்ல.

நெட்ஃபிளிக்ஸில் தங்கச்சிக்குத் தனிப் புரொபைல் திறந்து வயதெல்லை போடலாம். அது வயதைத்தான் பார்க்கும், விசயத்தை அல்ல. அப்பாவின் புரொபைலுக்கு 4 இலக்க இரகசிய எண் (PIN) போடாவிட்டால் எல்லை போட்டும் பயனில்லை.