அந்த அலை யாருடையது?

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு வயது 33, ஓஎம்ஆரில் ஐடி வேலை. மார்ச் மாதம் கோவளத்தில் சர்ஃபிங் கற்க ஆரம்பித்தேன். எட்டு வகுப்பு முடித்துவிட்டு, இப்போது போர்டு மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு நானே இறங்குகிறேன். ஞாயிறு காலையில் தண்ணீருக்குள் அவ்வளவு கூட்டம்! போன வாரம் ஓர் அலையில் எழுந்து நின்றேன். அதே அலையில் ஏற்கெனவே வந்துகொண்டிருந்த ஒருவர் என் மேல் மோதாமலிருக்கப் போர்டிலிருந்து குதித்துவிட்டார். பிறகு எல்லோர் முன்னாலும் கத்தினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கூட்டமில்லாத வேறு கடற்கரையாகப் பார்த்துத் தனியாகப் போய்விடலாமா? ஜூலையில் இலங்கையின் அறுகம் குடாவுக்கு வேறு டிக்கெட் போட்டிருக்கிறேன். அங்கேயும் இதே கதைதானா?
– ஒரு வாசகி, சோழிங்கநல்லூர்

பதில்: தனியாகப் போகும் யோசனையை மட்டும் முதலில் விட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் சரிசெய்யக்கூடியது.

ஈசிஆர் நெடுக ஆளில்லாத கடற்கரைக்குப் பஞ்சமில்லை. அங்கே போய் நின்றால் என்ன செய்வீர்கள்? இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைத்துக்கொண்டிருக்கும், நடுவில் ஓரிடம் மட்டும் அமைதியாகத் தெரியும். புதிதாக வருபவருக்கு அதுதான் பத்திரமான வழி என்று தோன்றும். உண்மையில் கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் திரும்பக் கடலுக்கு ஓடும் வாய்க்கால் அது. அந்த இழுவையில் மாட்டினால், கரைக்கு நேராக எதிர்நீச்சல் போடாமல் போர்டைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர வேண்டும். உங்களுக்கு இது தெரிந்திருக்கலாம், பதற்றத்தில் மறந்துபோகும். கோவளத்தில் நீங்கள் மறந்தாலும் கரையில் நிற்கும் பயிற்சியாளர் பையன்களில் ஒருவர் விசிலடிப்பார். உங்களை அழவைத்த அதே கூட்டம்தான் அங்கே உங்கள் காவலும்.

சரி, அந்தக் கத்தல். அவர் கத்திய விதம் தப்பு, விஷயம் சரி. வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லித் தருகிறார்கள், யார் அலையில் யார் ஏறலாம் என்பதைப் பல நேரம் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். ஓர் அலைக்கு ஓர் ஆள். அலை முதலில் எங்கே உடைகிறதோ, அதற்கு மிக அருகில் இருப்பவருக்கே அது சொந்தம். கோவளம் பாயிண்டில், அதாவது அங்கே நாம் அலை பிடிக்கும் இடத்தில், அலை தெற்கே தொடங்கி வடக்கு நோக்கி வரிசையாக உடைந்துகொண்டே வரும். கரையைப் பார்த்துப் போர்டில் படுத்திருக்கும்போது தெற்கு உங்களுக்கு இடது பக்கம். ஆகவே எழுவதற்கு முன் இடது தோளுக்கு மேலாக ஒரு பார்வை. அங்கிருந்து யாராவது ஏறி வந்துகொண்டிருந்தால் கையால் துடுப்பிடுவதை நிறுத்திவிடுங்கள். பார்க்காமல் ஏறுவதற்கு 'டிராப்-இன்' என்று பெயர், சர்ஃபர்களின் ஊரில் அது பெரிய குற்றம்.

நானும் இதைச் செய்திருக்கிறேன். நான் குறுக்கே ஏறியது பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையன் ஒருவனின் அலையில். மீனவர் வீட்டுப் பிள்ளை, என்னைவிட நூறு மடங்கு நன்றாக ஓட்டுகிறவன். தண்ணீரிலிருந்து தலையை நீட்டி, "அக்கா, பாத்து ஏறுங்க" என்றான், அவ்வளவுதான். கத்தியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது. உங்களிடம் கத்தியவரை அடுத்த முறை பார்த்தால், "அன்னைக்கு நான் பாக்காம ஏறிட்டேண்ணா, சாரி" என்று சொல்லிவிடுங்கள். அவர் முறைத்தாலும் பரவாயில்லை.

இனி கூட்டம். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைவிட நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். எட்டு வகுப்பு முடித்தவர்கள் வழக்கமாக நிற்கும் இடம் எனக்குத் தெரியும். உள்ளே வெள்ளை நுரையிலும் இல்லை, வெளியே அலை பிடிப்பவர்களின் வரிசையிலும் இல்லை, நடுவில். பஸ் ஸ்டாண்டில் பஸ் திரும்புகிற இடத்தில் நிற்பது போல. எல்லோருடைய அலையும் அந்த வழியாகத்தான் வரும்.

வெள்ளை நுரைக்குத் திரும்பிப் போங்கள். உடைந்த நுரை அகலமாகப் பரவி வருவதால் நாலைந்து பேர் இடைவெளி விட்டு ஒரே நேரத்தில் ஏறலாம், யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். எல்கேஜிக்குத் திருப்பி அனுப்புகிறாளே என்று கோபப்படாதீர்கள். அதே நுரையில் நேராகப் போகாமல் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி ஓட்ட வரும்வரை அங்கேயே இருங்கள். நான் ஒரு முழு சீசன் இருந்தேன்.

வெளியே போகும் நாள் வந்ததும், கூட்டத்தின் நடுவே துடுப்பிட்டுப் போகாமல் அலை உடையாத ஓரமாகச் சுற்றிப் போங்கள். அப்படியும் ஒருவர் நேராக உங்களை நோக்கி வரத்தான் செய்வார். அப்போது மனசு, உடையாத பக்கமாக ஓடி அலையைத் தாண்டிவிடச் சொல்லும். அவர் போகப்போகும் பாதையும் அதுதான். அவருக்குப் பின்னால் இருக்கும் நுரையை நோக்கிப் போய் அடியை வாங்கிக்கொள்ளுங்கள். மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறுவதோடு முடிந்துவிடும்.

அந்த அடி வரும்போது போர்டை மட்டும் விடாதீர்கள். புதியவர்கள் எல்லோரும் செய்வது இதைத்தான்: பெரிய நுரை வந்தால் போர்டைத் தூக்கிப் போட்டுவிட்டு முங்கிவிடுவது. உங்கள் போர்டு 8 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள், அதைக் காலோடு இணைக்கும் கயிறான லீஷ் ஏறக்குறைய இன்னொரு 8 அடி. உங்களுக்குப் பின்னால் 16 அடிக்குள் யார் தலை இருந்தாலும் அதில் படும். போர்டோடு தலைகீழாகப் புரண்டு, இரண்டு விளிம்பையும் இறுக்கிப் பிடித்து, நுரை மேலே கடந்து போனதும் திரும்பப் புரளுங்கள். விழுந்து எழும்போதும் முதலில் கை தலைக்கு மேலே வரட்டும், பிறகு முகம்.

ஒரு சின்ன உபாயமும் சொல்கிறேன். ஞாயிறு காலை ஆறு மணிக்கு அடித்துப்பிடித்துப் போகாதீர்கள். என் அனுபவத்தில், வகுப்புகள் முடிந்து ஆட்கள் இட்லி தேடிப் போகும் ஒன்பது ஒன்பதரைக்குத் தண்ணீர் பாதி காலியாகிவிடும். ஜூன், ஜூலையில் பெரும்பாலான நாட்கள் கடற்காற்று மதியத்தை ஒட்டித்தான் எழும். அதுவரை கரையிலிருந்து வீசும் காற்று அலையைக் கலைக்காமல் வைத்திருக்கும். வெயில் பிளக்கும்தான், முழுக்கை சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், எந்த சர்ஃபிங் விதியிலும் இல்லாத ஒன்று. கடலுக்குப் போன ஃபைபர் படகுகள் காலையில் திரும்பும். மணலில் ஏற வேண்டும் என்பதால் வேகமாகத்தான் வரும், நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடியாது. மோட்டார் சத்தம் கேட்டால் நல்ல அலையாக இருந்தாலும் விட்டுவிட்டு ஒதுங்குங்கள். நாம் விளையாடும் இடம் அவர்களுடைய வேலைத்தலம்.

அறுகம் குடா இதைவிடக் கூட்டம், அதுவும் ஜூலையில். அங்கே மெயின் பாயிண்ட் என்கிற முக்கிய அலைப் பகுதியின் பக்கம் போகவே வேண்டாம். அடியில் பாறை, மேலே நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களின் நெருக்கடி. கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தால் போதும், எந்த அலையில் யார் ஏறுகிறார்கள் என்று ஒரு மணி நேரம் கவனியுங்கள், ஒரு வகுப்புக்குச் சமம். பேபி பாயிண்ட் மென்மையான அலை, ஆனால் ஊரிலுள்ள வகுப்புகள் பலவும் அங்கேதான். போர்டைக் கூரையில் கட்டிக்கொண்டு போக ஆட்டோக்கள் உண்டு. வடக்கே விஸ்கி பாயிண்ட், தெற்கே பீநட் ஃபார்ம் என்ற இரண்டு அலைப் பகுதிகளுக்கும் விடிவதற்கு முன்பே கிளம்புங்கள். பக்கத்து ஊரான பொத்துவில் பக்கம் தமிழிலேயே பேரம் பேசலாம். முதல் நாள் மட்டும் உள்ளூர் பயிற்சியாளர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள், எங்கே பாறை என்று அவருக்குத்தான் தெரியும்.

வாடகை போர்டை வாங்கும்போது லீஷின் வெல்க்ரோவைப் பலமாக இழுத்துப் பாருங்கள். பிடிக்காமல் கழன்றால் வேறு கேளுங்கள்.