தீவுப் பயணத்தில் மரக்கறிச் சாப்பாடு: வாசகர் கேள்வி–பதில்

ஆடி, ஆவணி மாதங்களில் உறவினர் வருகையும் விடுமுறைப் பயணங்களும் ஒன்றாகக் கூடிவிடுவதால், தீவுகளுக்குச் செல்லும் மரக்கறிக்காரர்கள் எதை உண்பது என்ற கேள்விகள் இம்முறை அதிகம் வந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடல் சூழ்ந்த ஊர்களில் மீன் ஒரு தனிக் கறியாக மட்டும் இலைக்கு வருவதில்லை. உப்பு, புளியைப் போலச் சுவைகூட்டும் பொருளாகச் சம்பலுக்குள்ளும் பருப்புக்குள்ளும் கரைந்து வருகிறது. ஆகவே என்ன கறி இருக்கிறது என்று கேட்பதோடு நில்லாமல், அதில் என்ன போட்டுத் தாளித்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.

கேள்வி: ரொறன்ரோவிலிருந்து வரும் என் அக்காவின் மகள் பால், நெய், முட்டை எதையும் தொடாத வீகன். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் அவளை நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறோம். பட்டினி கிடப்பாளோ என்று அம்மா கவலைப்படுகிறார். – வாசகி, கோண்டாவில்

பதில்: அம்மாவிடம் கவலையை விடச் சொல்லுங்கள். நம்முடைய புட்டு, இடியப்பம், சொதி, கத்தரிக்காய்ப் பால்கறி, பலாக்காய்க் கறி, முருங்கையிலை வறை ஆகிய எதிலும் மாட்டுப்பால் இல்லை; பால் என்று நாம் சொல்வதெல்லாம் தேங்காய்ப் பாலே. நல்லூர்க் கொடியேற்றத்திலிருந்து 25 நாள்களும் பல வீடுகளில் மச்சம் சமைப்பதில்லை என்பதால், மீன், இறைச்சி பற்றிய சிக்கலும் அக்காலத்தில் பெரும்பாலும் எழாது.

யாழ்ப்பாணத்தில் ஒரு வீகனுக்குத் தடையாக நிற்பவை நெய்யும் தயிரும்தான். சைவக் கடையில் தோசைக் கல்லில் தடவப்படுவது நல்லெண்ணெயா, நெய்யா, பால் சேர்ந்த மாஜரினா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சோற்றோடு வரும் மோர் மிளகாயைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அது தயிரில் ஊறவைத்துக் காயவைத்தது. பாயசம் சில வீடுகளில் தேங்காய்ப் பாலிலும் சில வீடுகளில் பசுப்பாலிலும் காய்ச்சப்படும். கோயிற் பிரசாதங்களில் சர்க்கரைப் பொங்கலில் நெய்யும், பஞ்சாமிர்தத்தில் பெரும்பாலும் நெய்யும் தேனும் இருக்கும். பயறும் தேங்காய்ப்பூவும் வைத்து அவித்த மோதகத்தையோ அவலையோ கடலையையோ அவள் தயங்காமல் வாங்கலாம். தேநீர் கேட்கும்போது பிளேன்ரீ என்று சொல்லாவிட்டால் பால்மா கலந்த தேநீர் வந்து நிற்கும்.

குறிகட்டுவானிலிருந்து படகில் நயினாதீவுக்குச் செல்வது குறுகிய நேரப் பயணம். மணிமேகலை அமுதசுரபியைப் பெற்ற மணிபல்லவம் இதுவே என்று நம்பப்படும் தீவு என்பதற்கு ஏற்ப, நாகபூசணி அம்மன் கோயிலில் மதிய அன்னதானம் சிறப்பாக நடைபெறுகிறது. சோறு, பருப்பு, சாம்பார், மரக்கறிகள் என்று வரும் அப்பந்தியில், தயிரோ மோரோ ஊற்ற வருபவரிடம் வேண்டாம் என்று இலைக்கு மேல் கையைக் காட்டினாலே போதும். பசித்தவருக்கு இதைவிடப் பாதுகாப்பான மரக்கறிச் சாப்பாடு தீவகத்தில் வேறெங்கும் கிடைக்காது என்பது என் கருத்து.

நெடுந்தீவின் நிலை வேறு. படகிலேயே ஏறத்தாழ ஒரு மணி நேரம் செல்லும். ஆடியில் சோளகக் காற்று வலுத்திருந்தால் அலையும் கடுமையாக இருக்கும் என்பதால், புறப்படுமுன் எண்ணெய்ப் பலகாரங்களைத் தவிர்த்து, ஓரிரண்டு இடியப்பமும் இஞ்சி போட்ட வெறுந்தேநீருமாக வயிற்றை இலேசாக வைத்துக்கொள்ளட்டும். அங்குள்ள சிறிய சாப்பாட்டுக் கடைகள் அன்று பிடிபட்ட மீனை நம்பி உலை வைப்பவை. தங்குமிடத்துக்கோ கடைக்கோ முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவைத்தால் மரக்கறிச் சாப்பாடு ஆயத்தம் செய்து தருவார்கள். சொல்லாமற் போய் நின்றால் சோறும் பருப்பும் கிடைப்பதே பெரிது. கட்டிக்கொண்டு போவதென்றால் புதுத் தேங்காய்ப்பூச் சேர்ந்த புட்டும் பச்சைச் சம்பலும் மதிய வெயிலுக்குள் புளித்துவிடும். நல்லெண்ணெய் விட்ட புளிச்சாதம், தேங்காயை நன்றாக வறுத்து இடித்த சம்பல், எள்ளுப்பாகு, பயற்றம் பணியாரம், புழுக்கொடியல் ஆகியவை தாங்கும். குடிநீரையும் தாராளமாக எடுத்துச் செல்லுங்கள்.

இன்னுமொன்று: வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் ஒடியற்கூழ் குடிக்க ஆசைப்படுவார்கள். வழமையான கூழ் மீன், நண்டு, இறால் இல்லாமல் அமையாது. ஆனால் பலாக்கொட்டை, பயிற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை போட்டு வீட்டில் தனியாகக் காய்ச்சும் சைவக் கூழ் இருக்கிறது. புளியும் செத்தல் மிளகாயும் சரியாக அமைந்தால் மற்றதற்குக் குறைந்ததன்று. கடையில் எதிர்பார்க்காமல் அம்மாவின் கையாற் காய்ச்சிக் கொடுங்கள்.

கேள்வி: குடும்பமாகக் காலி, மாத்தறைப் பக்கம் செல்கிறோம். மரக்கறிச் சோறு என்று வாங்கிய பார்சலில் போன முறை மீன் வாசனை அடித்தது. எப்படித் தவிர்ப்பது? – வாசகர், சுன்னாகம்

பதில்: அந்த வாசனைக்குக் காரணம் பெரும்பாலும் மாசிக்கருவாடாக இருக்கும். சூரை மீனை அவித்துப் புகையூட்டி மரக்கட்டை போல இறுகும்வரை காயவைத்து, இடித்துத் தூளாக்கிச் சேர்ப்பது தென்னிலங்கைச் சமையலில் மிகச் சாதாரணம். தேங்காய்ச் சம்பல், சீனிச் சம்பல், கீரைச் சுண்டல், கத்தரிக்காய் மோஜு, சில இடங்களில் பருப்புக் கறி என்று எதிலும் அது இருக்கக்கூடும். சமைத்தவர் அதை மீன் கறியாகக் கருதாததால் மரக்கறி என்றே நல்லெண்ணத்துடன் சொல்லிவிடுவார். பாற்சோறு அரிசியும் தேங்காய்ப் பாலும் மட்டுமே என்றாலும், அதனுடன் வைக்கும் கட்டச் சம்பலில் மாசி உண்டு. பேக்கரியில் வாங்கும் சீனிச் சம்பல் பணிசும் அப்படியே.

சிங்களத்தில் ‘மஸ்’ வேண்டாம் என்று மட்டும் சொன்னால் இறைச்சியைத்தான் விலக்குவார்கள். ‘மாலு’ (மீன்), ‘பித்தர’ (முட்டை) இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, ‘உம்பலகட தான்ன எபா’, அதாவது மாசி போடவேண்டாம், என்று முடியுங்கள். சமைத்து முடிந்த கறியிலிருந்து மாசியை யாராலும் பிரித்தெடுக்க முடியாது என்பதால் காலையிலேயே சொல்லிவைப்பது நல்லது. வெஜிற்றபிள் பிறைட் றைஸ் கேட்கும்போது முட்டை, சிப்பிச் சாறு, கோழிச்சுவைச் சூப் கட்டி மூன்றையும் தனித்தனியே விலக்கச் சொல்லுங்கள்.

இனிப்பில் வட்டலப்பத்துக்கு முட்டை உண்டு. கோப்பையில் விற்கும் யோகட்டுகள் பலவற்றில், விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஜெலற்றின் சேர்க்கப்படுகிறது. பால் உண்ணும் சைவர்களும் மூடியில் அச்சிட்டிருப்பதை வாசித்த பின்னரே வாங்க வேண்டும். மண்சட்டியில் உறையவைத்த எருமைத் தயிருக்கு ஜெலற்றின் தேவையில்லை, அதுவே சுவையும் கூட.

கேள்வி: விமானத்தில் மரக்கறி உணவுக்கு முன்பதிவு செய்யும்போது ‘இந்து உணவு’ என்றும் ஒன்று இருக்கிறதே, அதைத் தேர்ந்தால் போதுமா? – வாசகர், சாவகச்சேரி

பதில்: போதாது, அதைத் தொடவே வேண்டாம். எச்.என்.எம்.எல். என்ற குறியீட்டில் வரும் இந்து உணவில் மாட்டிறைச்சிதான் இராது; கோழியோ ஆடோ மீனோ இருக்கலாம். பால் உண்ணும் சைவர்கள் ஏ.வி.எம்.எல். என்பதையும், வீகன்கள் வி.ஜி.எம்.எல். என்பதையும் தேர்ந்து, புறப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்னரேனும் பதிவு செய்ய வேண்டும். சில நிறுவனங்கள் 48 மணி நேரம் கேட்கின்றன.

கேள்வி: மாலைதீவில் வேலை செய்யும் மகனைப் பார்க்கச் செல்கிறோம். பெரிய சுற்றுலா விடுதியில் தங்க வசதியில்லை. ஊர் மக்கள் வாழும் தீவில் ஒரு விருந்தினர் இல்லம் பார்த்திருக்கிறான். நானும் கணவரும் பிறவிச் சைவர்கள். – வாசகி, மானிப்பாய்

பதில்: இந்தப் பகுதியில் வந்த கேள்விகளில் கடினமானது இதுதான். மாசிக்கருவாட்டின் தாயகம் மாலைதீவே. அங்கு ‘மஸ்’ என்றால் மீன், பெரும்பாலும் சூரை. காலை உணவான மஸ் ஹுனி, சூரையும் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பிசைந்தது. கருதியா என்பது சூரை அவித்த தெளிந்த சாறு; அதை நெடுநேரம் வற்றக் காய்ச்சி எடுக்கும் கரிய களிதான் ரிஹாகுரு. மாலைத் தேநீருடன் வரும் பஜியா, குல்ஹா போன்ற சிற்றுண்டிகள் நம் பற்றிஸையும் உருண்டைப் பலகாரங்களையும் போலத் தோன்றினாலும், உள்ளே வைத்திருப்பது வழமையாகச் சூரைதான். பூசணிக்காயையோ கீரையையோ சேர்த்த ஹுனி வகைகளிலும் மீன் கூடவே இருக்கும்.

உங்களுக்குத் துணை நிற்கக்கூடியது றொஷி என்னும் ரொட்டி. மா, உப்பு, எண்ணெய், தண்ணீர் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. தேங்காய், வாழைப்பழம், ஈரப்பலா, பூசணி, சேம்பு வகைக் கிழங்கு ஆகியன தீவுகளில் விளைகின்றன. பவளமணல் நிலம் ஆதலால் ஏனைய மரக்கறிகள் பெரும்பாலும் கப்பலில் வருபவை, விலையும் அதிகம். சரக்குப் படகு தாமதித்தால் கடையில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் மட்டுமே எஞ்சியிருக்கும் நாள்களும் உண்டு.

ஆகையால் அறையைத் தேர்வதற்கு முன், சமையலறையை நீங்கள் பயன்படுத்த இடம் தருவார்களா என்று மகனைக் கேட்கச் சொல்லுங்கள். காற்றுப்புகாத பொதியில் மைசூர்ப் பருப்பு, வறுத்த அரிசிமா, யாழ்ப்பாணக் கறித்தூள், சோயா மீற் ஆகியவற்றை வாங்கிய பொதியைப் பிரிக்காமல் கொண்டுசெல்லுங்கள். விருந்தினர் இல்லங்களில் இலங்கை, இந்தியா, பங்களாதேஷைச் சேர்ந்த சமையற்காரர்கள் பலர் வேலை செய்கிறார்கள். பருப்பும் சோறும் என்றால் அவர்களுக்கு விளக்கம் சொல்லத் தேவையிராது.

கேள்வி: திருமணம் முடிந்து பாலித் தீவுக்குச் செல்லவிருக்கிறோம். அது இந்துக்கள் வாழும் தீவு என்பதால் சைவ உணவு எளிதாகக் கிடைக்கும்தானே? – புதுமணத் தம்பதியர், உரும்பிராய்

பதில்: எளிதாகக் கிடைக்கும், ஆனால் நீங்கள் நினைக்கும் காரணத்தால் அன்று. பாலி இந்துக்களின் விழா விருந்தில் முழுப் பன்றியை வாட்டிப் பரிமாறுவது பெருமைக்குரிய வழக்கம். சைவ உணவுக்கு வழிசெய்வன சோயாவிலிருந்து வரும் தெம்பேயும் தாகுவும். வீதியோரக் கடை முதல் விடுதிவரை இரண்டும் உண்டு, விலையும் குறைவு. உபுட் நகரில் வீகன்களுக்கென்றே நடக்கும் உணவகங்கள் பல.

கவனிக்க வேண்டியது தெராசி என்னும் புளிக்கவைத்த இறால் களி. சம்பலிலும் கறிக்கான அரைப்பிலும் அது சேரும். நிலக்கடலைச் சாறு ஊற்றிய கடோ-கடோவில்கூட இருக்கலாம், அதன்மேல் வைக்கும் அப்பளத்தில் இறால் இருப்பது வழமை. ‘தன்பா தெராசி’ என்றால் தெராசி இல்லாமல் என்று பொருள். இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பயண நாளையும் பார்த்துப் பதியுங்கள். சக ஆண்டுப் பிறப்பான நியெபி பெரும்பாலும் மார்ச் மாதத்தில் வரும். அன்று விமான நிலையம் உட்படத் தீவு முழுவதும் அடங்கிவிடும், வெளியே உணவு தேட முடியாது.

கேள்வி: மொரிஷியசில் தமிழர் உணவு கிடைக்குமா? – வாசகர், வல்வெட்டித்துறை

பதில்: கிடைக்கும். தைப்பூசத்துக்கு அரச விடுமுறை அளிக்கும் நாடு அது. தமிழ்க் குடும்ப விழாக்களிலும் கோயில்களிலும் வாழையிலையில் ஏழு மரக்கறிகளுடன் விருந்து பரிமாறும் வழக்கம் இன்றும் உண்டு; யாராவது அழைத்தால் மறுக்காதீர்கள். தெருவில், கடலைப் பருப்பை அரைத்து உள்ளே வைத்துச் சுட்ட மெல்லிய தால்பூரியை அவரைக் கறியும் தக்காளிச் சாறும் சேர்த்துச் சுருட்டித் தருவார்கள். நம் கடலை வடையின் உறவு போன்ற காரப் பலகாரமும் எங்கும் விற்கும். சீன முறை நூடில்ஸில் மட்டும் சிப்பிச் சாறும் முட்டையும் இருக்கின்றனவா என்று விசாரியுங்கள்.

கேள்வி: மூன்று வாரம் தீவுகளில் சுற்றும்போது வீகன் உணவால் பி12 குறைந்துவிடுமா? – மாணவி, திருநெல்வேலி

பதில்: உடலில் போதிய அளவு இருந்தால் மூன்று வாரத்தில் ஒன்றும் நேராது, ஈரலில் சேமிக்கப்படும் பி12 நெடுங்காலத்துக்குப் போதுமானது. ஆனால் நீங்கள் நிரந்தர வீகன் என்றால், பயணம் செல்லாத நாள்களிலும் மாத்திரையோ பி12 செறிவூட்டிய உணவோ அவசியம். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம் தேவை, கடற்பாசியையோ தெம்பேயையோ அதற்கு நம்ப முடியாது. வீட்டில் நீரிழிவுக்கு மெற்போர்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர் இருந்தால், அவர் மரக்கறிக்காரராக இல்லாவிட்டாலும் பி12 அளவைப் பரிசோதிக்குமாறு மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மரக்கறி றோல்ஸையும் மீன் கட்லற்றையும் ஒரே எண்ணெயில் பொரிக்கிறார்களே? – வாசகர், காரைநகர்

பதில்: கலப்புக் கடைகளில் அப்படித்தான் நடக்கும். அது உங்களுக்கு ஒவ்வாது என்றால் பொரித்ததை விட்டு, அங்கு அவித்த இடியப்பத்தையோ உரித்துத் தின்னும் வாழைப்பழத்தையோ வாங்குங்கள். கொத்து ரொட்டிக் கல்லுக்கும் இதே விடைதான். கேட்டால் கல்லைக் கழுவித் தரும் கடைக்காரரும் இருக்கிறார், கூட்டம் கூடுவதற்கு முன்னர் போனால்.